நிறைமாதக் காவல்: இலங்கையிற் பேறுகாலப் பேணலின் வரலாறு

யாழ்ப்பாணத்துக் கிராமங்களிலே ஒரு பெண்ணுக்குத் தலைப்பிள்ளைப் பேறு நெருங்குகின்றதென்றால், அவளைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருதல் நெடுங்கால வழக்கம். வீட்டின் ஒரு மூலையிலே அறை ஒழிக்கப்படும். பழஞ்சேலைகள் துவைத்து மடித்து வைக்கப்படும். பிள்ளை பெற்ற தாய்க்குக் கறி காய்ச்சுதற்கு வேண்டிய மிளகு, மஞ்சள், மல்லி, சீரகம், வேர்க்கொம்பு முதலிய சரக்குகள் இடித்தும் அரித்தும் பானையிற் சேர்க்கப்படும். மருத்துவிச்சிக்குச் சொல்லியனுப்பப்படும். கோயில்களில் நேர்த்திகள் வைக்கப்படும். இவை அனைத்தும் அன்பினாற் செய்யப்பட்ட ஆயத்தங்களே. இவற்றுட் பல இன்றும் போற்றத்தக்கன.

ஆயினும் இந்த ஆயத்தங்களை ஊன்றி நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலனாகும். அறை ஆயத்தமாயிற்று, துணி ஆயத்தமாயிற்று, சரக்கும் ஆயத்தமாயிற்று. பேற்றை எதிர்நோக்கியிருக்கும் பெண்ணின் உடல் ஆயத்தமாயிருக்கின்றதா என்பதை மட்டும் ஒருவரும் சோதித்துப் பார்த்தாரல்லர். அவளுடைய இரத்தம் வலிவுள்ளதா, வயிற்றிலே பிள்ளை எவ்வாறு கிடக்கின்றது, கால் வீங்கியிருப்பது இயல்பா நோயா என்னும் வினாக்கள் எழவில்லை. எழுந்தாலும் விடை கூறவல்லார் அருகில் இல்லை. நோக் கண்டபின் வருவதை ஏற்றுக்கொள்வதே அக்காலத்து நியதி. இந்நிலை எவ்வாறு மாறியது என்பதே இப்பேச்சின் பொருள். அந்த மாற்றத்தினாலே உயிர் தப்பிய தாய்மாரின் தொகை பல்லாயிரமாதலின், நாட்டு வரலாற்றிலே அதற்கு உரிய இடம் உண்டு.

பழைய மருத்துவிச்சியைப் பற்றி முதலிற் சில சொல்லவேண்டும். அவளை அறியாமையின் வடிவமெனத் தள்ளிவிடுதல் நியாயமன்று. தாயிடமிருந்து மகளாகக் கற்ற கைத்தொழில் அவளுடையது. வயிற்றைத் தடவிப் பார்த்துப் பிள்ளையின் தலை எங்கே, முதுகு எங்கே என்று சொல்லக்கூடிய கைகள் பல ஊர்களில் இருந்தன. அஞ்சி நடுங்கும் இளம்பெண்ணின் அருகே இரவு முழுதும் இருந்து தேறுதல் கூறும் பொறுமையும் அவளுக்கு இருந்தது. இயல்பாக நிகழும் பேறுகளுக்கு அதுவே போதும். பேறுகளிற் பெரும்பாலானவை இயல்பாகவே நிகழ்வன.

ஆனால், இயல்பு பிறழ்ந்தபோது அவள் கையிலே கருவி இல்லை. இரத்தம் பெருகினால் நிறுத்த வழியில்லை. வலிப்புக் கண்டால் அதைப் பேயின் செயலெனக் கருதிக் கழிப்புக் கழிப்பதே செய்யக்கூடியதாயிருந்தது. கொத்தி என்னும் பேய் பேறுகாலத்துப் பெண்ணைப் பிடிக்கும் என்ற அச்சம் யாழ்ப்பாணத்திலே வேரூன்றியிருந்தது. இவற்றினும் பெரிய தீங்கு கண்ணுக்குத் தெரியாத அழுக்கினால் விளைந்தது. கழுவாத கையும், காய்ச்சாத கத்தியும், காற்றுப் புகாத அறையும் பேற்றுக்குப் பின்வரும் காய்ச்சலுக்கு வாயில்களாயின. பிள்ளை நலமாகப் பிறந்து நாலைந்து நாள் கழிந்தபின் தாய் மாண்டுபோன வீடுகளிலே, அதற்குக் காரணம் விதியென்றே கூறப்பட்டது.

அந்த அழுக்கை மேனாட்டாரும் நெடுங்காலம் அறியவில்லை என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. வியன்னா நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியிலே, பிணங்களை அறுத்துப் பார்த்த மாணாக்கர் அதே கையோடு தாய்மாரைச் சோதித்தனர். அப்பகுதியிலே தாய்மார் நூற்றுக்குப் பத்துப்பேருக்கு மேல் மாண்ட மாதங்கள் உண்டு. 1847ஆம் ஆண்டிலே சம்மல்வைசு என்னும் வைத்தியர், குளோரின் சேர்ந்த சுண்ணநீரிலே கைகழுவியபின்பே தாய்மாரைத் தொடவேண்டும் என்று விதித்தார். சாவு நூற்றுக்கு இரண்டளவிற் குறைந்தது. ஆயினும் அவர் சொல்லை அக்காலத்து அறிஞர் பலர் ஏற்றாரல்லர்.

அதே 1847ஆம் ஆண்டிலே அமெரிக்க நாட்டிலிருந்து சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் இளைஞர் யாழ்ப்பாணத்தில் வந்திறங்கினார். அவருக்கு அப்போது வயது ஏறத்தாழ இருபத்தைந்து. முதலில் வட்டுக்கோட்டையிலும், 1848 முதல் மானிப்பாயிலும் இருந்து வைத்தியம் செய்தார். மாணாக்கர்க்கு மேனாட்டு வைத்தியத்தைக் கற்பித்தார். இம்மக்களுக்கு இவ்வறிவு நிலைக்கவேண்டுமாயின் அது தமிழிலே இருக்கவேண்டும் என்று துணிந்தமையே அவருடைய தனிப்பெருமை. உடற்கூற்றியல், இரணவைத்தியம், இரசாயனம் முதலிய துறைகளிலே அவர் ஆக்கியும் ஆக்குவித்தும் வெளியிட்ட தமிழ் நூல்கள் பல. அவற்றுள் முற்பட்டவற்றில் ஒன்று 1857ஆம் ஆண்டில் வெளிவந்த ‘பிரசவ வைத்தியம்’. டப்ளின் நகரத்து வைத்தியர் மோன்செல் என்பார் ஆங்கிலத்தில் எழுதிய நூலைத் தழுவியது அது.

வைத்திய நூல்களை வரிசைப்படுத்துங்கால், பிள்ளைப்பேறு பற்றிய நூல் இத்துணை முற்பட வெளிவந்தமை தற்செயலாக இருத்தல் அரிது. கிராமத்திலே வைத்தியம் செய்வோனுக்கு முதலில் தேவைப்படும் அறிவு எதுவென்று கிறீன் அறிந்திருந்தார் போலும். ஆனால், அந்நூலைக் கற்றவர் ஆடவர். கதவடைத்த அறைக்குள் அவர்களை அழைத்தவர் மிகச் சிலர். அழைத்தபோதும், பெரும்பாலும் மருத்துவிச்சி கைவிட்ட பின்னரே அழைத்தனர். அறிவு ஊருக்குள் வந்துவிட்டது. அறைக்குள் நுழைய அதற்கு வழி பிறக்கவில்லை.

அவ்வழியைத் திறந்தவர் பெண்கள். கொழும்பிலே 1879ஆம் ஆண்டில், சாள்ஸ் ஹென்றி டி சொய்சா என்னும் வள்ளலின் கொடையினாற் பிள்ளைப்பேற்று ஆஸ்பத்திரி ஒன்று திறக்கப்பட்டது. அவர் பெயரால் இன்றும் வழங்கும் அவ்வாஸ்பத்திரி தாய்மாருக்கு இடமளித்ததோடு அமையாது, மருத்துவமாதரைப் பயிற்றும் பள்ளியாகவும் விளங்கிற்று. யாழ்ப்பாணத்திலே, மேரி லீச், மார்க்கிறெற் லீச் என்னும் அமெரிக்கச் சகோதரிகளின் பெருமுயற்சியினால், இணுவிலிற் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமென மக்லியோட் ஆஸ்பத்திரி 1898ஆம் ஆண்டிலே தோன்றியது. அங்கே வைத்தியம் செய்தவரும் பெண், தாதியரும் பெண்கள். ஆடவர் கைபடக் கூடாதென்று வீட்டிலே மாண்டுபோக இருந்த பலர், ‘இணுவில் ஆஸ்பத்திரி’ என்ற பெயரைக் கேட்டு வண்டி பூட்டினர். கனடாவிலிருந்து 1896ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து, தமிழர் ஒருவரை மணந்து, இந்நாட்டையே தம் நாடாகக் கொண்ட டொக்டர் மேரி இரத்தினம் அம்மையாரும் இங்கே நினைக்கத்தக்கவர். பெண்களுக்குச் சுகாதார அறிவு புகட்டுவதையே அவர் வாழ்நாட் பணியாகக் கொண்டார். 1930ஆம் ஆண்டிலே அவர் தொடக்கிவைத்த இலங்கை மகளிர் சங்கம் கிராமந்தோறும் அவ்வறிவைப் பரப்பியது. 1958ஆம் ஆண்டில் மக்சேசே பரிசு அவரை வந்தடைந்தது.

இதுவரை சொல்லப்பட்டன யாவும் நோக் கண்டபின் செய்யும் உதவியைப் பற்றியவை. நோக் காணுமுன்பே பெண்ணைச் சோதிக்கவேண்டும் என்னும் எண்ணம் உலகத்திலே மிகவும் பிந்தியே தோன்றியது. 1843ஆம் ஆண்டிலே இலண்டனில் லீவர் என்னும் வைத்தியர், வலிப்புக் கண்ட கருப்பவதிகளின் சிறுநீரிலே அல்புமின் என்னும் சத்துக் கலந்திருப்பதைக் கண்டார். 1896ஆம் ஆண்டிலே இத்தாலியராகிய றீவா றொச்சி, புயத்திலே பட்டியைச் சுற்றி இரத்த அழுத்தத்தை அளக்கும் கருவியை அமைத்தார். இவ்விரண்டும் ஒருங்குசேர்ந்த பின்னரே, வலிப்பு என்பது திடீரென வரும் பேயன்று, பெரும்பாலும் முன்னறிவித்து வரும் நோய் என்பது தெளிவாயிற்று. எடின்பரோ நகரத்திலே பலன்ரைன் என்னும் வைத்தியர், பேற்றுக்கு முந்திய நோய்களுக்கென்றே ஆஸ்பத்திரியில் இடம் வேண்டுமென 1901ஆம் ஆண்டில் வாதாடினார். அவருக்குக் கிடைத்தது ஒரேயொரு கட்டில். அந்த ஒரு கட்டிலிலிருந்தே இன்றைய கர்ப்பிணிச் சிகிச்சை நிலையங்கள் யாவும் பெருகின என்று கூறினும் மிகையாகாது.

அதன்பின் இருபது ஆண்டளவிலே இலங்கையும் அவ்வழியிற் சென்றது. கொழும்பு டி சொய்சா ஆஸ்பத்திரியிலே 1921ஆம் ஆண்டில் முதலாவது கர்ப்பிணிச் சிகிச்சை நிலையம் தொடங்கிற்று. ஆயின், கொழும்பிலே ஒரு நிலையம் திறப்பதனாற் கிராமத்துப் பெண்ணுக்குப் பயன் என்ன? இவ்வினாவுக்கு விடை 1926ஆம் ஆண்டிலே களுத்துறையிற் கிடைத்தது. றொக்பெல்லர் தாபனத்தின் உதவியோடு இலங்கையின் முதலாவது சுகாதாரப் பிரிவு அங்கே அமைக்கப்பட்டது. ஒரு பிரதேசத்தின் எல்லையை வகுத்து, அதற்கு ஒரு சுகாதார வைத்திய அதிகாரியை நியமித்து, அவரின் கீழ்ச் சுகாதாரத் தாதியரையும் மருத்துவமாதரையும் பகுதிபகுதியாக அமர்த்தினர். நோயாளர் ஆஸ்பத்திரியைத் தேடி வருமட்டும் காத்திராமல், சுகாதாரம் மக்களின் வீட்டைத் தேடிச் செல்லவேண்டும் என்பதே அதன் கொள்கை. அடுத்துவந்த ஆண்டுகளிலே இத்தகைய பிரிவுகள் நாடெங்கும் பெருகின.

அந்த மருத்துவமாது தோற்பை ஒன்றைச் சுமந்துகொண்டு ஒழுங்கைகளிலே நடந்தாள். கருவுற்ற பெண்களின் பெயர்களைப் பதிந்தாள். வீட்டு முற்றத்திலே அவள் எதிர்ப்பட்ட முதல் தடை நோயன்று, நம்பிக்கையே. ஊர்தோறும் நிகழ்ந்திருக்கக்கூடிய உரையாடல் ஒன்றை இங்கே எண்ணிப் பார்க்கலாம்.

“அம்மாச்சி, பிள்ளைக்கு முகம் ஊதியிருக்கிறதே, எத்தனை நாளாக இப்படி?”

“நிறைமாதத்திலே ஊதாமல் இருக்குமோ, பிள்ளை? நான் எட்டுப் பெற்றவள். எனக்குந்தான் கால் ஊதினது.”

“கால் ஊதுவதற்கு நான் பயப்படவில்லை, அம்மாச்சி. முகமும் கையும் ஊதி, தலையிடியும் இருக்கிறது என்கிறாளே. நாளைக்கே டொக்டரிடம் காட்டவேண்டும்.”

முதியவளின் பேச்சிலே அனுபவம் இருக்கின்றது. அவள் சொல்வது பொய்யுமன்று. கருவுற்றோரிற் பலருக்குக் கால் வீங்குதல் இயல்பே. ஆனால், எட்டுப் பெற்றும் உயிரோடிருப்பவளே அனுபவம் பேசுகின்றாள். முதற்பேற்றிலேயே மாண்டவள் வந்து தன் அனுபவத்தைச் சொல்லமாட்டாள். ஆகையாற்றான் வீட்டு அனுபவத்தின்மேல் எண்ணிக்கையின் அறிவும் வேண்டியதாயிற்று. பிறப்பு இறப்புகளைப் பதிதற்கு 1867ஆம் ஆண்டிலே சட்டம் செய்யப்பட்ட இந்நாட்டில், அந்த எண்ணிக்கை கைக்கெட்டியதாயிருந்தது நற்பேறே.

எண்ணிக்கை கூறிய செய்தி கொடியது. 1930களிலே ஆயிரம் பிள்ளைகள் உயிரோடு பிறந்தால், இருபதுக்கு மேற்பட்ட தாய்மார் மாண்டனர். ஐம்பது பேற்றுக்கு ஒரு தாய் என்று சொன்னால் அதன் கொடுமை விளங்கும். ஒரு பெண் ஆறேழு பிள்ளைகள் பெறுவது வழக்கமாயிருந்த காலத்திலே, தாயிழந்த பிள்ளைகள் இல்லாத தெரு அரிதாயிருந்திருக்கும்.

அக்கொடுமை உச்சமடைந்தது 1934-1935ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளைநோயிலே. மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாகத் தேங்கியமையால் நுளம்பு பெருகிற்று. ஏறத்தாழ எண்பதினாயிரம் பேர் மாண்டனர். கருப்பவதிகளை அந்நோய் ஏனையோரினும் கடுமையாகத் தாக்கியது. டி சொய்சா ஆஸ்பத்திரியிலே பணியாற்றிய டொக்டர் விக்கிரமசூரிய அத்தாய்மாரின் நிலையை நுணுகி ஆராய்ந்தார். மலேரியாவும் கொழுக்கிப்புழுவும் கருப்பவதியை எவ்வாறு அழிக்கின்றன என்பது பற்றிய அவரது நூல் 1937ஆம் ஆண்டில் வெளிவந்து, வைத்திய உலகின் கவனத்தைப் பெற்றது.

கொழுக்கிப்புழுவின் கதை மலைநாட்டுத் தோட்டங்களோடு தொடர்புடையது. வெறுங்காலோடு ஈரமண்ணில் நடப்போரின் தோலைத் துளைத்து உட்புகும் அப்புழு, குடலிலே தங்கி இரத்தத்தை உறிஞ்சும். மலக்கூட வசதியில்லாத லயன் அறைகளிலே வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர் அதற்குப் பெரிதும் இரையாயினர். கொழுந்து பறிக்கும் பெண் நிறைமாதத்தை அடையுங்கால் அவள் உடலில் இரத்தம் ஏற்கெனவே வற்றியிருக்கும். வலிவுள்ள ஒருத்தி தாங்கக்கூடிய இரத்தப்போக்கு அவளை மாய்த்துவிடும். கொழுக்கிப்புழுவை ஒழிக்கும் முயற்சி 1916ஆம் ஆண்டளவில் றொக்பெல்லர் தாபனத்தாரின் துணையோடு தோட்டங்களிலே தொடங்கிற்று. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம், பிள்ளை பெற்ற பெண்ணை உடனே வேலைக்கு அழைத்தலைத் தடைசெய்து, பேறுகாலத்துக்கு ஊதியமும் வகுத்தது. பேணுதற்கு ஓய்வும் வேண்டும். ஓய்வுக்கு ஊதியம் வேண்டும் என்பதை அரசு அன்று ஏற்றுக்கொண்டது.

1946ஆம் ஆண்டுக்குப் பின் நிகழ்ந்த மாற்றம் உலகத்தாரை வியக்கச் செய்தது. 1946ஆம் ஆண்டில் ஆயிரம் பிறப்புக்கு ஏறத்தாழப் பதினைந்தாயிருந்த தாய்மார் சாவு, 1950ஆம் ஆண்டில் ஆறுக்கும் கீழே இறங்கியது. 1960ஆம் ஆண்டில் மூன்றளவிலே நின்றது. அதற்குப் பின்னும் அது இறங்கிக்கொண்டே சென்று, 2010ஐ அடுத்த ஆண்டுகளில் ஓர் இலட்சம் பிறப்புக்கு முப்பதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்டதாயிற்று. செல்வம் மிக்க நாடுகள் அடைந்த நிலையை அணுகுதற்கு, செல்வம் குறைந்த இந்நாடு அவற்றினும் குறைந்த காலமே எடுத்தது.

இதற்குக் காரணம் யாது? ஒன்றைச் சுட்டி இதுவே என்று கூறுதல் பொருந்தாது. 1946 முதல் டி.டி.ரி. மருந்து தெளித்து நுளம்பை அழித்தமையால் மலேரியா ஒடுங்கிற்று. கருப்பவதிகளின் இரத்தம் தப்பியது. 1936ஆம் ஆண்டளவில் இலண்டனில் கோல்புறூக் என்னும் வைத்தியர் சல்பா மருந்தினாற் பேற்றுக் காய்ச்சலை அடக்கலாம் எனக் காட்டியிருந்தார்; அதன்பின் பெனிசிலினும் வந்தது. கிராமங்களுக்கு அண்மையில் ஆஸ்பத்திரிகளும் மகப்பேற்று விடுதிகளும் எழுந்தன. அவற்றிலே ஏழைகள் பணங்கொடாமலே இடம் பெற்றனர். 1945ஆம் ஆண்டிலே தொடங்கிய இலவசக் கல்வி பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொணர்ந்தது; வாசிக்கத் தெரிந்த தாய் மருத்துவமாதின் சொல்லை எளிதிற் பற்றிக்கொண்டாள். இவை அனைத்தையும் வீட்டோடு இணைத்த பாலமாய் நின்றவள் அந்த மருத்துவமாதே. மருந்து கொழும்பிலிருந்து வரலாம். அதைப் பெறவேண்டிய பெண் யார் என்பதை அறிந்தவள் அவளே.

இனி, நிறைமாதத்தைப் பற்றிச் சிறப்பாக நோக்குவோம். 1929ஆம் ஆண்டிலே பிரித்தானிய அரசு கருப்பவதிகளைச் சோதிக்கும் முறையை வகுத்து வெளியிட்டது. தொடக்கத்தில் நீண்ட இடைவெளிகளிலும், இருபத்தெட்டாம் வாரத்தின்பின் இரு வாரத்துக்கு ஒருமுறையும், முப்பத்தாறாம் வாரத்தின்பின் வாரந்தோறும் சோதிக்கவேண்டும் என்பது அதன் சாரம். எத்தனை முறை என்பதிலே பிற்காலத்தில் மாற்றங்கள் நேர்ந்தன. ஆனால், இறுதி மாதங்களிலே கண்காணிப்பு நெருங்கவேண்டும் என்னும் விதி மாறவில்லை. ஏனெனில், ஆபத்துக்களும் அம்மாதங்களிலேயே நெருங்குகின்றன.

கடைசி மாதவிலக்கின் முதல்நாள் தொட்டு இருநூற்றெண்பது நாள், அதாவது நாற்பது வாரம், என்பது பேற்றுக்குரிய கணக்கு. அக்கணக்குக்கு இரு வாரம் முன்னோ சில நாள் பின்னோ பிறத்தலும் இயல்பே. முப்பத்தாறாம் வாரமளவிற் பெரும்பாலான பிள்ளைகள் தலைகீழாகத் திரும்பிவிடும். அவ்வாறு திரும்பாது குறுக்கே கிடக்கும் பிள்ளையை வீட்டிலே பெறமுடியாது. அதனை முன்பே அறிந்தால் தாயை ஆஸ்பத்திரியிற் சேர்த்துவிடலாம். மருத்துவமாது வயிற்றைத் தடவிப் பார்ப்பதன் பயன் இதுவே. அவள் வயிற்றின்மேல் வைத்துக் காதுகொடுக்கும் மரக்குழல் பினார் என்னும் பிரெஞ்சு வைத்தியரின் பெயரால் வழங்குவது. பிள்ளையின் நெஞ்சத் துடிப்பை அது கேட்பிக்கும்.

இறுதி மாதங்களில் எவை இயல்பு, எவை அபாயம் என்று பகுத்தறிதல் குடும்பத்தார் யாவர்க்கும் கடமை. இடுப்பு நோவும், அடிக்கடி சிறுநீர் கழித்தலும், நித்திரை குலைதலும், மாலையிற் காலில் சிறிது வீக்கமும், வயிறு இடையிடையே இறுகித் தளர்தலும் பெரும்பாலும் இயல்பானவை. கடுந் தலையிடி, கண் மங்குதல், மேல்வயிற்றில் நோ, முகமும் கையும் திடீரென வீங்குதல் ஆகியவை வலிப்புக்கு முன்னறிவித்தல்கள். இரத்தம் படுதல், நோவில்லாமல் வந்தாலும், சிறிதாக இருந்தாலும், அபாயமே. இளங்கொடி கருப்பையின் வாயிலை மூடிக் கிடக்கக்கூடும். காய்ச்சல் காணுதலும், பன்னீர்க்குடம் உடைந்து நீர் போதலும், பிள்ளையின் அசைவு வழக்கத்தினும் குறைதலும் உடனே ஆஸ்பத்திரியை நாடவேண்டியவை. ‘விடியட்டும், பார்ப்போம்’ என்ற சொல்லினால் இழந்த உயிர்கள் பல.

வலிப்பைப் பற்றி இன்னும் ஒன்று கூறவேண்டும். ஒருகாலத்திற் கழிப்பினால் நீக்க முயன்ற அந்நோய்க்கு மகனீசியம் சல்பேற்று என்னும் எளிய உப்பே ஏற்ற மருந்து என்பது, பல நாடுகள் கூடி நடத்திய ஆராய்ச்சியினால் 1995ஆம் ஆண்டிலே ஐயந்திரிபற நிறுவப்பட்டது. மருந்தின் விலை மலிவு. ஆனால், அது பயன்படவேண்டுமாயின் நோய் உரிய காலத்திற் கண்டறியப்படவேண்டும். அதற்குப் புயத்திற் சுற்றும் பட்டியும், அதனை அளக்க வரும் பெண்ணும், அவளிடம் கையை நீட்டும் தாயும் வேண்டும்.

உணவிலும் பழைய எண்ணம் ஒன்று தடையாயிருந்தது. நிறைமாதத்திலே நன்றாக உண்டாற் பிள்ளை பெருத்துவிடும். பேறு கடினமாகும் என்று அஞ்சிப் பெண்ணுக்கு உணவைக் குறைத்தோர் உளர். உண்மையிலே குறைந்த உணவினாற் பிள்ளை மெலியும். தாயின் இரத்தமும் மெலியும். முருங்கையிலை, பொன்னாங்காணி முதலிய கீரைகள், பயறு, முட்டை, மீன், பழம் ஆகியன எளிய வீடுகளுக்கும் எட்டக்கூடியவை. நிலையத்தில் தரப்படும் இரும்புச்சத்துக் குளிசையைச் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் தேநீரோடு விழுங்காமல் நீரோடு விழுங்குதல் நன்று. தேநீர் இரும்பை உடலிற் சேரவொட்டாது. ஏற்புவலியைத் தடுக்கும் ஊசியும் கருப்பவதிகளுக்கு ஏற்றப்படுகின்றது. கழுவாத கத்தியினாற் கொப்பூழ்க்கொடி அறுத்த காலத்திலே எத்தனையோ சிசுக்களை ஒரு கிழமைக்குள் கொண்டுபோன நோய் அது.

இத்துணை வெற்றியும் எல்லாத் தாய்மார்க்கும் ஒரே காலத்திற் கிட்டவில்லை என்பதையும் வரலாறு மறைக்கலாகாது. தோட்டங்களிலே வீட்டுப்பேறு ஏனைய இடங்களினும் நெடுங்காலம் நீடித்தது. தாய்மார் சாவும் அங்கே மிகுந்திருந்தது. 1983 முதல் 2009 வரை நிகழ்ந்த போரிலே வடக்கிலும் கிழக்கிலும் ஆஸ்பத்திரிகள் சிதைந்தன. மருத்துவமாதரும் வைத்தியரும் அருகினர். நிறைமாதத்தோடு இடம்பெயர்ந்து, மரத்தடியிலும் அகதிமுகாமிலும் பிள்ளை பெற்றோர் உண்டு. அந்த ஆண்டுகளிலே, வசதி யாவும் இழந்த நிலையிலும், கையிலிருந்ததைக் கொண்டு தாய்மாரைக் காத்த மருத்துவமாதரின் தொண்டு எழுதப்படாத வரலாறாகும்.

இன்று இலங்கையிலே நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேற்பட்ட பேறுகள் ஆஸ்பத்திரிகளிலேயே நிகழ்கின்றன. மருத்துவமாது குடும்பநல உத்தியோகத்தர் எனப் பெயர்பெற்று, இரண்டாயிரம் முதல் நாலாயிரம் வரையான மக்களுக்கு ஒருவராய் வீடுதோறும் செல்கின்றார். பேறு வீட்டைவிட்டு ஆஸ்பத்திரிக்குச் சென்றுவிட்டதனால், வீட்டாரின் ஆயத்தம் தேவையற்றதாயிற்று என்று எண்ணுதல் தவறு. ஆயத்தத்தின் வடிவமே மாறிற்று. எந்த ஆஸ்பத்திரிக்குச் செல்வது, நள்ளிரவில் நோக் கண்டால் யாருடைய வாகனம் வரும், உடன்செல்பவர் யார், வீட்டிலிருக்கும் மூத்த பிள்ளையை யார் பார்ப்பார் என்பவற்றை முப்பத்தாறாம் வாரத்துக்கு முன்பே தீர்மானித்தல் வேண்டும். கர்ப்பிணிப் பதிவேடு எப்பொழுதும் கைக்கெட்டிய இடத்தில் இருத்தல் வேண்டும். அவளை முன்பின் கண்டிராத வைத்தியருக்கு அவளின் இரத்தவகையையும் ஒன்பது மாத வரலாற்றையும் கூறுவது அதுவே. தாய்க்கும் பிள்ளைக்கும் வேண்டிய தூய துணிகளை ஒரு பையிற் கட்டி வைத்தலும், அவசரச் செலவுக்குச் சிறிது பணம் ஒதுக்குதலும் வேண்டும். இவற்றுட் கணவனின் பங்கு பெரிது. பேறு பெண்களின் காரியம் என்று ஒதுங்கி நின்ற காலம் போய்விட்டது.

பழைய தாய்வீட்டு ஆயத்தத்தை மீண்டும் நினைத்துப் பார்ப்போம். ஒழித்த அறை, துவைத்த துணி, இடித்த சரக்கு ஆகிய அனைத்திலும் இருந்த அன்பு குறைவற்றது. அதனோடு சேராதிருந்தது அறிவொன்றே. மானிப்பாயில் அச்சேறிய நூலும், கொழும்பில் திறந்த ஆஸ்பத்திரியும், களுத்துறையில் நடக்கத் தொடங்கிய மருத்துவமாதின் கால்களும் அந்த அறிவைச் சிறிது சிறிதாக வீட்டு வாயிலுக்குக் கொணர்ந்தன. வாயிலுக்கு வந்த அறிவை உள்ளே அழைக்கவேண்டியவர் வீட்டாரே. நிறைமாதப் பெண்ணொருத்தி தலையிடிக்கின்றது என்று சொல்லுங்கால், அதனைச் செவிமடுத்து எழுந்து புறப்படும் ஒருவர் அவ்வீட்டில் இருப்பாராயின், நூற்றைம்பதாண்டு முயற்சியின் பயன் அவளுக்குக் கிடைத்துவிடும்.